சொகோட்டோவின் ‘எமிரேட்’: பாளையமா, சிற்றரசா, அமீரகமா?

குழுவினருக்கு வணக்கம்.

மேற்கு ஆப்பிரிக்க வரலாற்றுக்கான சொற்பட்டியலில் ‘எமிரேட்’ என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்றைய வட நைஜீரியாவை மையமாகக் கொண்ட சொகோட்டோ கிலாபத்தின் (கலீஃபா தலைமையிலான இஸ்லாமியப் பேரரசு) கீழ், அமீர்கள் ஆண்ட ஏறத்தாழ முப்பது எமிரேட்டுகள் இருந்தன. அமீரகம் என்று எழுதினால் படிப்பவர் மனம் துபாய்க்குப் போய்விடும். பாளையம் என்று போடலாமா? மேலே ஒரு பேரரசு, கீழே படையும் திறையும் தரும் தலைவர்கள். அமைப்பு ஒத்துத்தானே வருகிறது? இல்லையென்றால் சிற்றரசு கைவசம் இருக்கிறது.

---

பாளையம் வேண்டாம். பாளையக்காரர் படைத்தலைவர், படை தரும் கடமையோடு அவருக்குக் கிடைத்தது நிலம். சொகோட்டோவில் அமீருக்கு அதிகாரத்தின் அடையாளமாகக் கிடைத்தது கொடி.

நடந்த வரிசையைப் பாருங்கள். 1804 பிப்ரவரியில், பின்னர் கிலாபத்தை நிறுவிய மார்க்க அறிஞர் உஸ்மான் டான் ஃபோடியோ, ஹவுசா மக்களின் அரசுகளில் ஒன்றான கோபிரின் அரசன் தந்த நெருக்கடி தாங்காமல் டெகலிலிருந்து குடுவுக்கு ஹிஜ்ரத் (மார்க்கத்துக்காக இடம்பெயர்தல்) போகிறார். அங்கே அவரை அமீருல் முஃமினீனாக (நம்பிக்கையாளர்களின் தலைவராக) ஏற்று பைஅத் (விசுவாச உறுதிமொழி) கொடுக்கிறார்கள். ஜூனில் தப்கின் குவாத்தோவில் கோபிர் படையை வென்றதும் பல ஊர்களிலிருந்து ஆட்கள் கொடி வாங்க வருகிறார்கள். பெரும்பாலும் ஃபுலானி இனத்து ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்), அவரிடம் ஓதியவர்கள். கொடியோடு ஊர் திரும்பி, அங்கிருந்த ஹவுசா அரசரோடு மோதி நாட்டைப் பிடிக்கிறார்கள். கானோ விழுந்தது 1807இல். கோபிரின் தலைநகர் அல்கலாவா விழ 1808 அக்டோபர் ஆயிற்று. ஆக, நாடு கைக்கு வருமுன்பே அதிகாரம் வந்துவிட்டது. பாளையம் என்ற சொல் இதைத் தலைகீழாக்கிவிடும்.

சிற்றரசும் பொருந்தாது. சிற்றரசனுக்குத் தன் குலவழி உரிமை உண்டு. பேரரசு சாய்ந்தாலும் அவன் சிற்றரசன்தான். இங்கே அமீர் இறந்தால் உள்ளூர்ப் பெரியவர்கள் பெயர் சொல்லலாம், நியமனம் சொகோட்டோவுடையது. ஜாரியாவில் பல குடும்பங்கள் போட்டியிட்டதால் கலீஃபாவுக்குத் தேர்ந்தெடுக்கவும், சில சமயம் இறக்கிவிடவும் கை நீண்டது. கானோவில் அதுவே வினையாயிற்று. 1893இல் கலீஃபா அப்துர் ரஹ்மான் துக்கூரை அமீராக்க, பதவிக்குப் போட்டியிட்ட யூசுஃபின் தரப்பு வாளெடுத்தது. துக்கூர் கொல்லப்பட்டார், யூசுஃப் தரப்பின் அலியூ அமீரானார். ‘சிற்றரசு’ என்று எழுதிவிட்டு இதைச் சொன்னால் வெறும் பங்காளிச் சண்டையாகத் தெரியும். கலீஃபாவின் நியமன உரிமைக்கு விழுந்த அடி அது.

என் ஓட்டு அமீரகத்துக்கே. துபாய்க் குழப்பம் முதல் பத்தியோடு தீர்ந்துவிடும். அமீரைக் குறிக்க ‘கொடி பெற்ற அமீர்’ என்க. ‘கொடியேந்தி’ வேண்டாம், அது ஊர்வலத்தில் முன்னால் நடப்பவர்.

---

அமீரகத்தை ஏற்கிறேன், ஆனால் வேலி போட்டு. சென்ற மடலைப் படிப்பவர் எல்லாக் கொடியும் நேரே சொகோட்டோவோடு கட்டுண்டது என்று நினைப்பார். 1812இல் உஸ்மான் மேற்பார்வையைப் பிரித்தார்: கிழக்கு மகன் முஹம்மது பெல்லோவுக்கு, மேற்கு தம்பி அப்துல்லாஹிக்கு. நூபே, இலோரின் அமீரகங்கள் அப்துல்லாஹி வழியினரின் தலைநகரான குவாந்துவுக்குக் கட்டுப்பட்டவை. எனவே ‘சொகோட்டோவின் அமீரகங்கள்’ என்று மொட்டையாக எழுதாமல் ‘கிலாபத்தின் அமீரகங்கள்’ என்று எழுதுங்கள். கொடி பெற்றவர் எல்லாரும் ஃபுலானி என்றும் எழுதிவிடாதீர்கள். பௌச்சி அமீரகத்தின் யாக்கூபு ஃபுலானி அல்லர்.

இதைவிடப் பெரிய ஆபத்து, அமீரகத்தை அக்கம்பக்கத்துக்கும் ஒட்டவைப்பது. இன்றைய கினியாவிலுள்ள ஃபூத்தா ஜல்லோனில் ஆண்டவர் அமீர் இல்லை, அல்மாமி. ‘அல் இமாம்’ என்பதன் ஃபுலானி வடிவம். அல்ஃபாயா, சோரியா என்ற இரு வீடுகள் ஈராண்டுக்கு ஒருமுறை மாறி மாறி ஆள வேண்டும் என்பது ஏற்பாடு. தவணை முடிந்தும் இறங்க மறுப்பதில்தான் பாதிச் சண்டை. இதற்கு ‘இமாமாட்சி’. இன்றைய மாலியிலுள்ள மாசினாவில் செக்கு அமது 1818க்குப் பின் கட்டிய அரசு தலைநகர் ஹம்துல்லாஹியில் நாற்பது பேர் கொண்ட பேரவையோடு இயங்கியது. அதன் பெயரே ‘தீனா’, அப்படியே வைத்துவிடலாம். மார்க்கத்தைக் குறிக்கும் தீன் என்பது நம் முஸ்லிம் வீடுகளில் புழங்கும் சொல்தான்.

மூன்றையும் சேர்த்துச் சொல்ல ‘ஆலிம் எழுச்சி அரசுகள்’ போதும். யாராவது ‘அறப்போர் அரசு’ என்று கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன்: அறப்போர் என்றால் தமிழில் உண்ணாவிரதமும் மறியலும் நினைவுக்கு வரும்.

---

இருவருக்கும் நன்றி. பாளையத்தை அடித்துவிட்டேன், அமீரகம், கொடி பெற்ற அமீர், இமாமாட்சி, தீனா நால்வரும் உள்ளே. ‘ஜங்காலி’ மட்டும் மீதி. கால்நடை வரி என்று போடலாமா?

---

கூடாது. மாட்டுக்கு ஜகாத்தும் (இஸ்லாம் விதித்த கட்டாயக் கொடை) உண்டே, முப்பது மாடு சேர்ந்தால் ஒரு கன்று என்று. ‘கால்நடை வரி’ இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஜங்காலி, ஹவுசா அரசர்களின் முறைகேடான வரி என்று உஸ்மான் தம் ‘கிதாபுல் ஃபர்க்’ என்ற நூலில் கண்டித்தது. பின்னாளில் அமீர்களே அதே பெயரில் வசூலித்தார்கள். 1903இல் கிலாபத்தைப் பிடித்தபின் பிரிட்டிஷாரும் பெயரை மாற்றவில்லை. ‘ஜங்காலி’ என்றே வைத்து, ‘மாட்டு மந்தைக்கு ஆட்சியாளர் போட்ட வரி, ஜகாத் அன்று’ என்று விளக்கம் கொடுங்கள்.