பொருள்: மழைநீர் இறங்கும் தரை – கலைச்சொல் தேவை

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
அன்பர்களுக்கு வணக்கம். நகர வெள்ளமும் வெப்பமும் குறித்த கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சிமென்ட் மூடாத, மழைநீர் கீழே இறங்கக்கூடிய தரைக்கு ஒரு சொல் வேண்டும். 'நீர் ஊடுருவவிடும் மேற்பரப்பு' என்று எழுதினால் பக்கமெங்கும் அதுவே நிற்கிறது. 'ஊறுதரை' பொருந்துமா?

தமிழாசிரியர், மதுரை:
வினைத்தொகை நன்றாக இருக்கிறது. ஆனால் ஊறுதல் சுரப்பது. மணற்கேணி ஊறும், ஊற்று ஊறும். மேலிருந்து உள்ளே போவதற்குச் 'சுவறு' இருக்கிறதே! கடல் சுவற வேல் விட்ட திருவிளையாடல் எங்கள் ஊர்க் கதை. 'சுவறுதரை' என்று எழுதுங்கள்.

வாசகர், யாழ்ப்பாணம்:
ஐயா சொல்வது சரி. மழைத்தண்ணீர் நிலத்தில் சுவறும் என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இங்கே இல்லை. சுண்ணக்கல்லுக்குள் சுவறும் மழைதான் கிணற்றுநீர்.

பள்ளி ஆசிரியை, கடலூர்:
என் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். பலரும் 'சுவர்த்தரை' என்று எழுதினார்கள். நுண்துளை உள்ள தரை என்ற பொருளில் 'புரைத்தரை' எளிதல்லவா?

பொறியாளர், சென்னை:
புரை வேண்டாம் அம்மா. களிமண்ணில் புரை ஏராளம். நுண்ணியவை என்பதால் நீர் மெல்லத்தான் இறங்கும். திருவான்மியூர் மணல் சட்டென்று இழுத்துக்கொள்ளும். சொல்லைவிட எனக்குக் கவலை தருவது, இந்தத் தரை வெள்ளத்தைத் தடுத்துவிடும் என்ற கையேட்டின் வாக்குறுதி. 2015 டிசம்பர் 1–2இல் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பெய்தது. நவம்பர் மழையில் ஏற்கெனவே நனைந்திருந்த மண் அதை எப்படி ஏற்கும்? அன்றாட மழை தெருவில் தேங்காமலிருக்க இந்தத் தரை உதவும். பெருவெள்ளத்துக்குப் பள்ளிக்கரணை போன்ற சதுப்பும் ஏரியும் வேண்டும். இதை அழுத்தமாக எழுதுங்கள். வெப்பத்தையும் மறக்காதீர்கள். மண்ணில் தங்கிய ஈரத்தை வேர் எடுத்து இலைவழி ஆவியாக்கும்போது, லிட்டருக்குச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் செலவாகிறது. அதனால்தான் மரத்தடி குளிர்கிறது. நீர் உள்ளே போய்விடுவதை மட்டும் 'சுவறு' சொல்கிறது. ஊறவைத்த அரிசிபோல ஈரம் தங்குவதை 'ஊறு' சொல்கிறது.

மொழிபெயர்ப்பாளர்:
நன்றி. ஈரம் தங்குவதையும் சொல்வதால் 'ஊறுதரை'யையே அனுப்புகிறேன். வெள்ளம் பற்றிய பத்தியைத் திருத்திவிட்டேன். 'சுவறுதல்' விளக்கத்தில் வினையாக வரும்.

தமிழாசிரியர், மதுரை:
அச்சுக்குத் தடையாக நிற்கமாட்டேன், ஆனால் உடன்படவில்லை. மாணவர்கள் ர, ற மயங்கினால் கற்பிக்க வேண்டியது நாம்தான். மறுபதிப்பின்போது மீண்டும் எழுதுவேன்.