ரிசப்ஷன் டிஜேவுக்கு எந்த வயர்லெஸ் மைக்?

கேள்வி: 2.4 கிகாஹெர்ட்ஸ் மைக், காலி மண்டபத்தில் செக் பண்ணும்போது சுத்தமாகக் கேட்கிறது. கூட்டம் சேர்ந்ததும் விட்டு விட்டு வருகிறது. யுஹெச்எஃப்புக்கு (அதைவிடக் குறைந்த அலைவரிசையில் ஓடும் மைக்) மாறலாமா அண்ணே?

பதில் 1: மாறுங்க தம்பி. வைஃபை, ப்ளூடூத் எல்லாம் அந்த 2.4-லதான் ஓடுது; போதாததுக்கு மனுஷ உடம்பும் அதை உறிஞ்சிடும். ட்ரூ டைவர்சிட்டி ரிசீவரா, அதாவது ரெண்டு ஆன்டெனாவுல எதுல சிக்னல் நல்லா வருதோ அதை எடுத்துக்கிறதா, பார்த்து வாங்குங்க.

பதில் 2: ரிசீவரை மேஜைக்கு அடியில வெச்சா எதை வாங்கினாலும் இதே கதைதான். ஸ்டாண்டுல தலைக்கு மேல ஏத்தி, ஆன்டெனா ரெண்டையும் ‘வி’ மாதிரி விரிச்சு வைங்க. ரிசீவர்ல காலி சேனல் தேடி ஸ்கேன் போடும்போது மைக் ஆஃப்ல இருக்கணும். இல்லேன்னா அதோட சிக்னலையே இடைஞ்சல்னு எடுத்துக்கும்.

பதில் 3: மாப்பிள்ளையோட நண்பர்கள் மைக் தலையில இருக்கிற கம்பி வலையை (கிரில்) பொத்திப் பிடிப்பாங்க, உடனே ஊளையிடும். கார்டியாய்டு, அதாவது முன்பக்கச் சத்தத்தை அதிகமா எடுக்கிற மைக்கோட பின்பக்கத் துளை அடைஞ்சா எல்லாப் பக்கச் சத்தத்தையும் இழுக்கும். மைக்கைக் கொடுக்கும்போதே நடுவுல பிடிக்கச் சொல்லிடுங்க.