வலையில் ஆவுளியா (கடற்பசு) மாட்டியிருக்கிறதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஓராமீன்:
எங்கள் ஊர் மல்லிப்பட்டினத்துக்குப் பக்கம். அப்பாவோடு கடலுக்குப் போக ஆரம்பித்த வருஷம். ஒருநாள் விடியற்காலையில் இழுக்க இழுக்க வலை வரவே இல்லை. பாறையில் சிக்கிவிட்டதோ என்று பார்த்தால், அந்த இடத்தில் பாறையே கிடையாது, சேறும் கடலடியில் புல் மாதிரி வளர்கிற கடல்தாழையும்தான். பாதி வலை வந்த பிறகுதான் தெரிந்தது, ஆவுளியா. செத்துப் போயிருந்தது. சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விடுகிற பிராணி, வலை சுற்றிக்கொண்டால் என்ன செய்யும்?

அப்பா வாயே திறக்கவில்லை. 1972 வனவிலங்குச் சட்டத்தில் ஆவுளியா முதல் அட்டவணை. புலிக்கு என்ன தண்டனையோ அதேதான் இதற்கும், குறைந்தது மூன்று வருஷம் ஜெயில். சட்டத்தைப் படிக்காதவர்களுக்கும் இது ஊரில் மனப்பாடம். வேண்டுமென்று பிடிக்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? வலையை அறுத்து அப்படியே விட்டுவிட்டு வந்தோம். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. தாத்தா காலத்தில் கறி போட்டு ஊருக்கே பங்கு வைத்தார்களாம். எங்கள் காலத்தில் பயந்து மறைத்தோம். இரண்டிலும் செத்தது ஆவுளியாதான்.

போன வருஷம் மறுபடி ஒன்று மாட்டியது. இந்தத் தடவை உயிரோடு! தாயும் குட்டியுமாக வந்திருக்க வேண்டும், குட்டி வெளியே சுற்றிச் சுற்றி வந்தது. தம்பி செல்போனில் படம் பிடிக்க, நான் கத்தியை எடுத்து அறுத்தேன். வலையில் பாதி போச்சு. பெரியது மூச்சு விட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, மாடு பெருமூச்சு விடுகிற மாதிரியே.

நண்டுவலை:
வனத்துறையிடம் வீடியோவைக் காட்டினீர்களா? உயிரோடு விட்டதற்கான ஊக்கத்தொகை கிடைத்ததா?

ஓராமீன்:
கிடைத்தது. வலைக்கு ஆன செலவுக்குப் போதாது, அது வேறு விஷயம். ஆனால் பயம் போய்விட்டது, அதுதான் பெரிசு. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா காப்பகமாக அறிவித்தபோது, ‘இனிமேல் கடலுக்கே போக முடியாது’ என்று டீக்கடையில் ஒரே பேச்சு. அப்புறம்தான் விளங்கியது. இது தேசியப் பூங்கா இல்லை, நம் தொழிலுக்குப் புதிதாகத் தடை எதுவும் வரவில்லை. வந்திருந்தால் அன்றைக்குத் தம்பியைப் படம் பிடிக்க விட்டிருப்பேனா, சந்தேகம்தான்.

பாசிக்காரி மகள்:
நீங்கள் கொடுத்துவைத்தவர். எங்களுக்கு வாய்த்தது தேசியப் பூங்கா. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், 1986-இலிருந்து பூங்கா. அம்மா சிறு வயதிலிருந்து தீவோரம் முங்கிக் கடல்பாசி எடுத்தவர். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் தகரத்தைக் கட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் இறங்குவார். விடுமுறையில் நானும் போவேன். ஒருநாள் ரோந்துப் படகு மறித்து, மூட்டையைப் பறித்து, எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்குக் கூலி இல்லை. அம்மா கேட்டது ஒன்றுதான்: “மடிவலை இழுக்கிற விசைப்படகு தாழையை வேரோடு வழித்துக்கொண்டு போகுது, கையால பறிக்கிற நாங்கதான் திருடங்களா?” இத்தனைக்கும் கரையிலிருந்து மூன்று கடல்மைல் நாட்டுப்படகுக்கு என்று 1983 சட்டமே இருக்கிறது.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கரையோரப் பெண்கள் தாங்களாகவே பேசி, மாதத்தில் இத்தனை நாள்தான் பாசி எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அதை மீறினால் ஊரே கேட்கும்.

குருநகர் பெடியன்:
நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் ஆவுளியாவைக் கடற்பன்றி எண்டும் சொல்லுவினம். நான் ஒருநாளும் உயிரோடு கண்டதில்லை. ஆனால் கடலட்டையைப் பற்றிச் சொல்ல வேணும், கடலடியில் கிடக்கிற, வெள்ளரிக்காய் மாதிரி இருக்கிற பிராணி. இந்தியாவில் 2001-இல் இருந்து அது தடை, இங்கே அனுமதிப்பத்திரம் எடுத்துப் பண்ணையே போடலாம். நடுவில் கிடக்கிறது ஒரே பாக்குநீரிணை. அட்டைக்கு எல்லை தெரியுமோ? அங்கே பிடித்ததை இரவோடிரவாக இங்கே கடத்துகிறார்கள். இங்கே 2017-இல் இழுவைமடியைச் சட்டம் போட்டே நிறுத்தியாச்சு. எண்டாலும் இரவில் கரையில் நிண்டு பார்த்தால், தூரத்தில் உங்கட றோலர் (இழுவைப்படகு) வெளிச்சம் தெரியும். என்ர மாமா நண்டு வலையைப் போட்டுவிட்டு நித்திரையில்லாமல் இருப்பார்.

ஓராமீன்:
அண்ணே, மறுக்க முடியவில்லை. எங்கள் ஊர் விசைப்படகு வந்தால் எங்கள் வலையையும்தான் அறுத்துக்கொண்டு போகும். போலீசுக்குப் போனால் படகு நம்பர் கேட்பார்கள், இருட்டில் யார் பார்த்தது?

நண்டுவலை:
அந்தக் குட்டி என்ன ஆச்சு? அதைச் சொல்லவே இல்லையே.

ஓராமீன்:
தாய் முங்கியதும் அதுவும் பின்னாடியே முங்கியது. கொஞ்ச தூரம் தள்ளி இரண்டு மூக்கும் ஒன்றாக மேலே வந்தன. அப்புறம் வெயில் ஏறிவிட்டது, நாங்கள் கரைக்குத் திரும்பிவிட்டோம்.