பழைய நிலைத் தேக்கில் காய் வெட்டும் பலகை: மூலை வாய் பிளந்துவிட்டது

நிலைவாசல்:
வணக்கம். கும்பகோணம் பக்கம் எங்கள் பழைய வீட்டை இடித்தபோது நிலை, சன்னல் சட்டங்களில் கிடைத்த தேக்குத் துண்டுகளைக் கோணியில் கட்டி வைத்திருந்தேன். அடுப்புக்குக் கொடுத்துவிடச் சொன்னார்கள், மனசு வரவில்லை. போன சித்திரையில் அதில் ஒரு பலகை செய்தேன். 15 அங்குல நீளம், 10 அங்குல அகலம், முக்கால் அங்குல கனம். ஆறு பட்டைகளை ஒட்டி, நாலு பக்கமும் ஒன்றேகால் அங்குலச் சட்டம் போட்டு, மூலைகளை 45 டிகிரியில் அறுத்துச் சேர்த்தேன். பார்க்க போட்டோ பிரேம் மாதிரி அழகாகத்தான் இருந்தது. கடைசியில் கடலை எண்ணெய் நாலு முறை தடவினேன்.

ஐப்பசி மழையில் இரண்டு மூலைகள் வாய் பிளந்தன. ஒரு ரூபாய் நாணயம் நுழையும். மாசிக்கு மேல் நடுவில் இரண்டு பட்டைகளுக்கு இடையே நீளமாக விரிசல். கூடவே ஒரு சிக்கு வாடை. அம்மா அரிவாள்மனைக்கே திரும்பிவிட்டார். "நாற்பது வருஷமா அது பிளக்கலையே" என்று வேறு. தப்பு பசையிலா, மரத்திலா?

இழைப்புளி:
இரண்டிலும் இல்லை, சட்டத்தில்தான்.

மரம் ஈரம் குடித்தால் அகலத்தில் உப்பும், காய்ந்தால் அகலத்தில் சுருங்கும். நீளவாக்கில் அசைவு இல்லை என்றே சொல்லலாம். உங்கள் நடுப்பலகை மழைக்காலத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே அகலப்பட்டிருக்கும். இரு முனையிலும் குறுக்கே ஒட்டிய சட்டத்துக்கு அந்தத் திசை நீளவாக்கு, அது நகராது. உள்ளே இருப்பது தள்ளியது, மூலை திறந்தது. வெயில் வந்ததும் பலகை சுருங்கப் பார்த்திருக்கிறது, முனையில் சட்டம் பிடித்துக்கொண்டது, நடுவில் கிழிந்தது. எத்தனை பழைய தேக்கானாலும் இந்தக் குணம் போகாது.

என் அப்பா ஆசாரி. கதவு செய்யும்போது நடுப்பலகைக்குப் பசையே வைக்க மாட்டார். சட்டத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம் எடுத்து, அதற்குள் பலகையைத் தளர்வாக நிறுத்துவார். நீங்கள் இடித்த வீட்டுக் கதவுகளைப் பிரித்துப் பார்த்திருந்தால் அங்கேயும் அப்படித்தான் இருந்திருக்கும்.

சட்டத்தை நாலு பக்கமும் அறுத்து எறியுங்கள். விரிசல் விட்ட இடத்தில் நீளவாக்கில் அறுத்து, மறுபடி ஒட்டுங்கள். ஒட்டும் இரண்டு விளிம்பையும் ஒன்றாகச் சேர்த்துப் பட்டறைப் பிடியில் இறுக்கி ஒரே ஓட்டமாக இழையுங்கள். இழைப்புளி கொஞ்சம் சாய்ந்தாலும் ஒன்றின் சாய்வை இன்னொன்று சரிக்கட்டிவிடும். அப்புறம் சேர்த்துப் பிடித்து சன்னல் வெளிச்சத்தில் பாருங்கள், ஒளிக்கோடு தெரிந்தால் இன்னும் வேலை இருக்கிறது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன்னால் தின்னர் நனைத்த துணியால் விளிம்பைத் துடைப்பது நல்லது. சாதாரணப் பெவிகால் தண்ணீருக்குத் தாங்காது, பெவிகால் மரைன் வாங்குங்கள். கிளாம்பு இறுக்கும்போது பசை மணி மணியாக வரிசையாகப் பிதுங்க வேண்டும். ஒழுகினால் அதிகம், வரவே இல்லையென்றால் போதாது. பிதுங்கியதை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், நாருக்குள் போய் வெள்ளையாக நிற்கும். ரப்பர் பதத்துக்கு வந்ததும் உளியால் சீவினால் நூல் மாதிரி வரும். ஒரு நாள் முழுக்கக் கிளாம்பிலேயே விடுங்கள்.

மோர்மிளகாய்:
வாடைக்குக் காரணம் கடலை எண்ணெய். சமையல் எண்ணெய் மரத்துக்குள்ளே உட்கார்ந்து சிக்கு ஏறும். மருந்துக்கடையில் லிக்விட் பாரபின் கேளுங்கள். மலச்சிக்கலுக்குக் கொடுப்பது, கேட்க கொஞ்சம் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. நான் நாலு பங்கு அதற்கு ஒரு பங்கு தேன்மெழுகு போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கித் தடவுகிறேன்.

எண்ணெய்க்கு முன்னால் ஒரு தடவை பலகையை நனைத்துக் காயவிடுங்கள். நார் எழுந்து முள்ளு முள்ளாக நிற்கும். 220 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டால் பிறகு கழுவும்போது அவ்வளவாக எழாது.

கட்டைவிரல்:
கறிக்கடைக் கட்டையைக் கவனித்திருக்கிறீர்களா? புளியமரம், குறுக்கே அறுத்த உருளை. நார் எல்லாம் நட்டுக்குத்தாக நிற்பதால் கத்தி நாருக்கு நடுவே இறங்குகிறது, முனையும் சீக்கிரம் மழுங்காது. அதே பாணியில் சின்னச் சின்னச் சதுரமாக ஒட்டி வீட்டுக்கும் செய்யலாம். ஆனால் இழைப்பது பெரும்பாடு, முதல் பலகைக்கு வேண்டாம்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த நிலையில் பெயின்ட் இருந்ததா? பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதை உப்புத்தாளால் தேய்த்துத் தூசி பறக்கவிடாதீர்கள், பெயின்ட் பட்ட பக்கத்தையே அறுத்துத் தள்ளுங்கள். காந்தம் வைத்து ஆணியும் பாருங்கள்.

நிலைவாசல்:
பெயின்ட் இல்லை, வார்னிஷ்தான். அதையும் முதலிலேயே இழைத்து எடுத்துவிட்டேன். ஆணி ஒன்று இருந்தது, வாள் பல்லில் பட்டுத்தான் தெரிந்தது.

இன்று சட்டத்தை அறுத்தேன். இரண்டாவது முனையை அறுத்து முடிக்கும்போது டப் என்று ஒரு சத்தம், விரிசல் விட்ட பட்டைகள் தனித்தனியாகக் கையில் வந்துவிட்டன. இனி பன்னிரண்டரைக்கு ஏழரைதான் தேறும். சின்னதாகிவிட்டதே என்றேன். அம்மாவுக்கு வெங்காயத்துக்கு அது போதுமாம்.