நீர்வண்ண உருவப்படத்தில் கன்னத்து நிழல் சேற்று நிறமாகிவிடுகிறது: எங்கே பிழை?

அரசலாறு (கும்பகோணம்):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பாயி திண்ணையில் அமர்ந்திருக்கும் ஒளிப்படத்தைப் பார்த்து, அவர் முகத்தை நீர்வண்ணத்தில் உள்ளது உள்ளபடி வரைய முயன்று வருகிறேன். இடப்பக்கம் வெயில் விழுகிறது. வலக் கன்னம் முழுவதும் நிழல். பென்சிலில் முகச்சாயல் ஓரளவு வந்துவிடுகிறது. ஆனால் நிழலுக்கு மூன்றாவது பூச்சு கொடுக்கும்போது தாள் திரிதிரியாக உரிந்து, பழுப்பும் கறுப்பும் சேறாகக் குழம்பிவிடுகின்றன. என்னிடம் இருப்பது பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வரைதாளும் 12 நிற வண்ணப் பெட்டியும்தான். ஓவியர் இளையராஜாவின் படங்களில் மாநிறத் தோல் பெற்றிருக்கும் உயிர்ப்பைக் கண்டுதான் இந்த ஆசையே பிறந்தது. குறை தாளிலா, வண்ணத்திலா, கையிலா?

வெண்ணாறு (தஞ்சாவூர்):
முதற்குறை தாளில்தான். வண்ணப் பெட்டியை மாற்றுவதற்கு முன்பு 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள முழுப் பருத்தித் தாளுக்கு மாறுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் பல பூச்சுகளைத் தாங்கும். அடுத்தது நம் ஊர் ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூச்சின் பளபளப்பு மறைந்த பிறகும் தாளுக்குள் நீர் தங்கியிருக்கும் என்பதால், புறங்கையைத் தாளின் மேல் வைத்துப் பார்த்து, சில்லென்று இருந்தால் அடுத்த பூச்சைத் தொடாதீர்கள். அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் நீர் மிகுந்த தூரிகை பட்டால், வண்ணம் ஒதுங்கிப் பூக்கோசு போன்ற கறை படியும். சித்திரையில் தொல்லை நேர்மாறானது: கன்னத்தின் மறுபக்கம் போய்ச் சேர்வதற்குள் தொடங்கிய இடம் காய்ந்து கோடு விழுந்துவிடும். தாளை நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் வையுங்கள். ஈரம் தாக்கினால் அதன் பசைப்பூச்சு கெட்டு, வண்ணத்தைப் புள்ளிபுள்ளியாக உறிஞ்சும்.

குடமுருட்டி (திருவையாறு):
தாளைப் பற்றி மேலே கூறியதை ஏற்கிறேன். ஆனால் தாளை மட்டும் மாற்றினால் நல்ல தாளில் சேறு வரும், அவ்வளவுதான். இளையராஜாவின் புகழ்பெற்ற பெண் உருவங்கள் எண்ணெய் வண்ணத்தில் தீட்டப்பட்டவை. எண்ணெயில் இருண்ட பகுதியின் மேல் வெளிச்சத்தை வைக்கலாம். நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பதே தாளின் வெண்மை என்பதால், எங்கே பூசக்கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். ஆகவே முதலில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு ஒன்றை மட்டும் கொண்டு, கண்ணை இடுக்கிப் பார்த்து, முகத்தை வெளிச்சம், இடைநிழல், ஆழ்நிழல் என்று மூன்றாகப் பிரித்து ஒரு சிறு படம் வரையுங்கள். கறுப்புக் குழலைப் பெட்டியிலிருந்தே எடுத்துவிடுங்கள். பர்ன்ட் சியன்னாவுடன் அல்ட்ராமரின் நீலம் சேர்ந்தால் மாநிறத்துக்குத் தேவையான எல்லா ஆழமும் கிடைக்கும். சியன்னா கூடினால் வெம்மை, நீலம் கூடினால் குளிர்மை. கருத்த தோலில் நெற்றி மேட்டின் பளபளப்பு வானத்தைப் பிரதிபலித்துச் சற்றே நீலமாகத் தெரியும். அங்கே மஞ்சள் பூசுவதாலேயே பலருடைய முகங்கள் பொம்மையாகின்றன. சுவரில் மாட்டும் எண்ணம் இருந்தால், சிவப்புக்கு அலிஸரின் கிரிம்சனைத் தவிர்த்து குவினாக்ரிடோன் ரோஸ் வாங்குங்கள். முன்னது வெளிச்சத்தில் மங்கிவிடும்.

அரசலாறு:
இருவருக்கும் மிக்க நன்றி. மூக்குத்தியின் ஒளியையும் காதோர நரைமுடியையும் வெள்ளை வண்ணம் இல்லாமல் எப்படிக் கொண்டுவருவது?

வீரசோழன் (மயிலாடுதுறை):
மூக்குத்திக்கு மட்டும் மாஸ்கிங் ஃப்ளூயிட் (வண்ணம் படாமல் தாளை மூடிக்காத்து, பிறகு உரித்தெடுக்கும் திரவம்) ஒரு பொட்டு வையுங்கள். வெயிலில் நெடுநேரம் விட்டால் இறுகித் தாளைப் பிய்த்துக்கொண்டு வரும் என்பதால், பூச்சு காய்ந்த அன்றே உரித்துவிடுங்கள். நரைமுடிக்கு அது வேண்டாம், விளிம்பு கம்பி கம்பியாக நிற்கும். முடியை வரையாமல், முடிக்கற்றைகளுக்கு இடையில் தெரியும் இருட்டை வரையுங்கள். நெற்றியோடு முடி சேரும் இடத்தில், தோல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே நீர் பிழிந்த தூரிகையால் ஒற்றி எடுத்தால் அந்த விளிம்பு மென்மையாகிவிடும்.