வெப்பநிலைக் கணக்கை வில்லுப்பாட்டில் கொண்டுவருவது எப்படி?

பங்குனித் திருவிழாவில் எங்கள் குழு வில்லுப்பாட்டு பாடுகிறது. ஊர் குமரி மாவட்டத்தில், மணக்குடிக் காயலுக்குப் பக்கம். பூமி சூடாவதைக் கதையாகச் சொல்லி, அலையாத்தி நடுவதற்கு ஆள் திரட்ட வேண்டும். நடுவில் ஓரிடத்தில் நாசாவின் ஆண்டு வெப்பநிலைக் கணக்கையே (1880 முதல் 2024 வரை) பாட்டாக்க முயல்கிறோம். அங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

2013இல் மினசோட்டா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இதே கணக்கை, அப்போதிருந்த 2012 வரை, ஆண்டுக்கு ஒரு சுரமாகச் செல்லோவில் வாசித்தார். அது மூன்று ஸ்தாயி (கீழ் ‘ச’விலிருந்து மேல் ‘ச’ வரை ஒரு ஸ்தாயி) ஏறுகிறது. முன்னின்று பாடும் எங்கள் புலவருக்கு இரண்டே எட்டும். ஐந்தே சுரமுள்ள மோகன ராகத்தில் அடக்கிப் பார்த்தோம். ஒரு சுரத்துக்கு ஏறத்தாழ 0.18 டிகிரி வருவதால் அடுத்தடுத்த பல ஆண்டுகள் ஒரே சுரத்தில் விழுந்துவிடுகின்றன. பன்னிரண்டு சுரத்தானங்களையும் எடுத்தால் ராகமே இல்லை, பின்பாட்டுக்காரர்களால் பிடிக்க முடியவில்லை. ஐந்தாண்டுச் சராசரியில் பாட்டு இனிமையாக ஏறியது. ஆனால் ஒத்திகை கேட்ட பெரியவர்கள் மங்களம் பாடுவதாக நினைத்துத் தலையாட்டினார்கள். பயம் வர வேண்டிய இடம் அது! 2024, 1951–80 சராசரியைவிட 1.28 டிகிரி மேலே நிற்கிறது.

மிச்சமிருப்பது தாளம். சுருதியை அப்படியே வைத்துவிட்டு, வெப்பம் ஏற ஏறக் குடத்தின் அடியையும் உடுக்கையின் வேகத்தையும் மட்டும் கூட்டினால், படிக்காதவர்களுக்கும் சூடு ஏறுவது புரியுமா? மேடையில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.