ஜப்பான் கார் செற்றில் ஐபொட்: எஃப்எம் ட்ரான்ஸ்மிற்றர் பிடிக்கவில்லை, உதவி தேவை

மாங்குளத்தான்:
வணக்கம். கார் ஜப்பானில் ஓடி வந்த ரொயோட்டா விட்ஸ். அதோடு வந்த ரேடியோ செற்தான் இன்னும் இருக்கிறது. புளூடூத் இல்லை, வயர் கொழுவிப் பாட்டுக் கேட்கிற ஓக்ஸ் துளையும் இல்லை. லண்டன் சித்தப்பா தன்னுடைய பழைய ஐபொட் கிளாசிக்கைத் தந்துவிட்டுப் போனார், முழுக்க எண்பதுகளின் பாட்டு. அதைக் காரில் கேட்கலாம் என்று லைற்றர் துளையில் செருகும் எஃப்எம் ட்ரான்ஸ்மிற்றர் வாங்கினேன், பாட்டை எஃப்எம் அலையாக ரேடியோவுக்கு அனுப்புகிற கருவி. கடைக்காரர் 88.3 இல் வைக்கச் சொன்னார். இரண்டிலும் 88.3 வைத்தால் வெறும் இரைச்சல். ஆனால் ஃபோனில் உள்ள ரேடியோவில் அதே 88.3 இல் பாட்டு அருமையாகக் கேட்கிறது! செற் பழுதா?

வெள்ளவத்தைக்காரி:
ஐபொட்டில் கொழுவுகிற சின்னப் புளூடூத் துண்டு விற்கிறார்களே, அதை வாங்கிப் பாருங்கோ.

ரேடியோப்பித்தன்:
அது அனுப்பத்தான் செய்யும் தங்கச்சி. அதைப் பிடிப்பதற்குச் செற்றிலும் புளூடூத் இருக்க வேண்டும்.
தம்பி, ஃபோனில் கேட்கிறது என்றால் ட்ரான்ஸ்மிற்றரில் பிழை இல்லை. செற்றில் எண் எதிலிருந்து எதுவரை ஓடுகிறது? அறிவிப்பாளர் சொல்லும் எண்ணும் திரையில் தெரியும் எண்ணும் ஒன்றா?

மாங்குளத்தான்:
76 இல் தொடங்கி 90 இல் முடிகிறது. எண் ஒத்துப்போகாது அண்ணா. எந்த நிலையம் என்றாலும் 16 குறைத்துத்தான் காட்டும்.

ரேடியோப்பித்தன்:
அப்ப செற் நல்லாத்தான் இருக்கு. ஜப்பானின் பழைய எஃப்எம் வரிசை 76 முதல் 90 வரை, இங்கே 87.5 முதல் 108 வரை. அதனால் யாரோ அன்ரனா வயருக்கும் செற்றுக்கும் நடுவில் பாண்ட் எக்ஸ்பாண்டர் பூட்டியிருக்கிறார்கள். தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அன்ரனாவில் வருகிற எல்லா அலையையும் 16 மெகாஹேர்ட்ஸ் கீழே இறக்கிச் செற்றுக்குக் கொடுக்கும். உங்கள் 88.3 செற்றுக்குள் 72.3 ஆகப் போகிறது. 76 க்குக் கீழே அதற்குக் காது கிடையாது. கடைக்காரர் சொன்னது எக்ஸ்பாண்டர் இல்லாத ஜப்பான் காருக்குச் சரி.

ட்ரான்ஸ்மிற்றரை நிறுத்திவிட்டு, செற்றில் ஒவ்வோர் எண்ணாக நகர்த்தி வெறும் இரைச்சல் மட்டும் வருகிற இடத்தைத் தேடுங்கோ. அதன் இரு பக்கமும் நிலையம் ஒட்டியிருக்கக் கூடாது. அந்த எண்ணோடு 16 கூட்டி ட்ரான்ஸ்மிற்றரில் வையுங்கோ. 83.1 காலி என்றால் 99.1. எக்ஸ்பாண்டர் எல்லாம் 16 தான் இறக்கும் என்றில்லை. 12, 20 இறக்குவதும் உண்டு. மற்றவர்கள் தங்கள் காரில் பார்த்துக் கணக்குப் போடுங்கோ.

ஐபொட்டின் ஒலியை முக்கால் அளவில் விட்டு, மிச்சத்தைச் செற்றில் கூட்டுங்கோ. முழுதாக வைத்தால் பாட்டு கரகரக்கும். எக்ஸ்பாண்டரைக் கழற்றுகிறேன் என்று பற்றரி வயரைக் கழற்ற வேண்டாம், சில ஜப்பான் செற்கள் பிறகு கடவுச்சொல் கேட்டு நிற்கும்.

மாங்குளத்தான்:
அண்ணா, பாடுது! 83.5 காலியாக இருந்தது, 99.5 இல் வைத்தேன். யாழ்ப்பாணம் போகும் வழியில் ஓரிடத்தில் வேறொரு நிலையம் மேலே ஏறுகிறது, அதற்கு இன்னொரு காலி எண் பார்த்து வைத்திருக்கிறேன். இன்னொரு சிக்கல்: அதே ட்ரான்ஸ்மிற்றரின் யூஎஸ்பியில் ஐபொட்டைச் சார்ஜ் போட்டால், அக்சிலரேற்றரை மிதிக்க மிதிக்க ‘ஊ’ என்று ஒரு சத்தம் ஏறி இறங்குகிறது.

ரேடியோப்பித்தன்:
அது ஓல்ட்டனேற்றரின் சத்தம், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தருகிற கருவி. சார்ஜ் வயரும் பாட்டு வயரும் ஒரே பெட்டிக்குப் போவதால் எர்த் வளையமாகி அதை உள்ளே இழுக்கிறது. வீட்டில் சார்ஜ் செய்துகொண்டு காரில் பாட்டு வயரை மட்டும் கொழுவுங்கோ. ஓட்டத்தில் சார்ஜ் வேண்டும் என்றால் கிரவுண்ட் லூப் ஐசோலேற்றர் என்று ஒன்று இருக்கிறது, பாட்டு வயரின் நடுவே பூட்டுவது.

வெள்ளவத்தைக்காரி:
என்னிடம் இருப்பது லண்டனில் வாங்கிய, பற்றரியில் ஓடும் ட்ரான்ஸ்மிற்றர். மடியில் வைத்தால் கேட்கவே கேட்காது.

ரேடியோப்பித்தன்:
பிரித்தானியாவில் 2006 டிசம்பரில்தான் இவற்றை அனுமதித்தார்கள், அதுவும் 50 நனோவாற்றுக்கு மேல் போகக் கூடாது என்று. அவ்வளவு சின்னச் சக்தி. அன்ரனா எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாக வைத்துப் பாருங்கோ. பாட்டு வயரைச் சுருட்டாமல் நீட்டி விடுங்கோ, பல மொடல்களில் அந்த வயர்தான் அன்ரனா.